டிட்டி காங் ரேசிங்: முதல் பலூனிலிருந்து விஸ்பிக் வரை, முழுமையான வழிகாட்டி

நின்டெண்டோ 64-இல் 1997-இல் வந்த கார்ட்டூன் விலங்குகளின் பந்தயம் இது. பார்க்கச் சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். முதல் உலகத்தை முடித்துவிட்டு, அதன் இறுதி எதிரியான பாஸிடம் நாலு முறை தோற்றபின்தான் சங்கதி புரியும். புதிதாக ஆடுபவர்கள் திணறுவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: ஏ பட்டனை எப்போது விட வேண்டும் என்று தெரியாமல், ஆரம்பம் முதல் முடிவு வரை அதை அழுத்திப் பிடித்தபடியே ஓட்டுவது.

2007-இல் நின்டெண்டோ டிஎஸ்ஸுக்கு வந்த பதிப்பு வேறு. அதில் பான்ஜோவும் காங்கரும் கிடையாது, புறப்படும் முறையும் மாறிவிட்டது. கீழே உள்ள எல்லாம் 64-இன் கார்ட்ரிட்ஜுக்கு மட்டும்.

இன்னொரு சின்னக் குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். டிட்டி என்பது குரங்கு. டி.டி. என்பது கடிகாரம். இரண்டு பேருமே இந்த விளையாட்டில் இருக்கிறார்கள்.

## 1. ஆரம்பிக்கும் முன்

கன்சோல் பழையதாக வாங்கியது என்றால், முன்பக்க மூடியைத் திறந்து மெமரி இடத்தைப் பாருங்கள். அங்கே ஜம்பர் பேக் அல்லது எக்ஸ்பான்ஷன் பேக் இரண்டில் ஒன்று இருந்தே ஆக வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் எந்த விளையாட்டும் திரைக்கு வராது. கார்ட்ரிட்ஜ் போய்விட்டது என்று நினைத்து, நல்ல கார்ட்ரிட்ஜைத் தூக்கிப் போடுபவர்கள் உண்டு. இந்த விளையாட்டுக்கு ஜம்பர் பேக்கே போதும்.

அடுத்தது கார்ட்ரிட்ஜின் தொடர்பு முனைகள். 90 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள ஐசோபுரொபைல் ஆல்கஹாலைப் பஞ்சுக்குச்சியில் லேசாக நனைத்து, முனைகள் மேல் முன்னும் பின்னும் தேயுங்கள். கருப்பு வருவது நின்றதும் உலர்ந்த குச்சியால் ஒரு முறை துடைத்து, சில நிமிடம் காயவிட்டுப் போடுங்கள். வாயால் ஊதுவது எல்லோருக்கும் இருக்கும் பழக்கம், ஆனால் எச்சில் ஈரம் முனைகளை அரிக்கும். ஊதியதும் ஓடியது என்றால், கழற்றி மாட்டியதில்தான் ஓடியது.

அமெரிக்க கார்ட்ரிட்ஜும் ஜப்பானிய கார்ட்ரிட்ஜும் பின்பக்க வடிவத்தில் வேறுபடும். ஒன்றின் கன்சோலில் மற்றது சட்டென்று உட்காராது. உட்காரவில்லை என்றால் அழுத்தித் திணிக்காதீர்கள். ஐரோப்பியப் பதிப்புக்கு அதற்கான கன்சோலே வேண்டும், மற்றதில் பூட்டுச் சிப் தடுத்துவிடும்.

ஆட்டத்தின் முன்னேற்றம் கார்ட்ரிட்ஜிலேயே மூன்று இடங்களில் சேமிக்கப்படும். அதற்கு பேட்டரி கிடையாது, ஆகவே பேட்டரி தீர்ந்து எல்லாம் அழியும் பயமும் இல்லை. நேரத்தோடு மட்டும் போட்டியிடும் டைம் ட்ரயலில், முன்பு ஓடிய ஓட்டத்தை நிழலாகக் காட்டும் ஆவி ஓட்டங்களைச் சேமிக்கத்தான் கன்ட்ரோலர் பேக் வேண்டும். அதுவும் அதிர்வு தரும் ரம்பிள் பேக்கும் ஒரே துளையில்தான் மாட்டும் என்பதால், எது வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். கதையை முடிக்க இரண்டுமே அவசியமில்லை.

## 2. டிவியும் ஸ்டிக்கும்

இந்த இரண்டையும் சரிசெய்யாமல் ஆடினால், தப்பு உங்கள் கையில் இருக்கிறதா பொருளில் இருக்கிறதா என்றே தெரியாது.

புது டிவிகள் பழைய சிக்னலை வாங்கி, பெரிதாக்கி, மெருகேற்றித்தான் காட்டும். அந்த வேலைக்கு ஆகும் நேரம் உங்கள் பட்டனுக்கும் திரைக்கும் நடுவே தாமதமாக விழும். படத்தின் அமைப்புகளில் கேம் மோடை இயக்குங்கள், அசைவை மென்மையாக்கும் வசதிகளை எல்லாம் அணைத்துவிடுங்கள். ட்யூப் டிவி கிடைத்தால் இந்தப் பேச்சே வேண்டாம்.

கன்சோலை இயக்கும் கணத்தில் ஸ்டிக் எங்கே நிற்கிறதோ, அதையே நடுநிலை என்று கன்ட்ரோலர் எடுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் கட்டைவிரல் ஸ்டிக்கின் மேல் இருந்தால் வண்டி தானாக ஒரு பக்கம் இழுக்கும். அப்படி ஆனால் ஸ்டிக்கை விட்டுவிட்டு எல், ஆர், ஸ்டார்ட் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், நடுநிலை புதிதாகப் பதிவாகும். அதன் பிறகும் ஸ்டிக் தொளதொளவென்று ஆடினால் உள்ளே பல்சக்கரங்கள் தேய்ந்துவிட்டன என்று அர்த்தம். அந்த ஸ்டிக்கை வைத்துக்கொண்டு விமானம் ஓட்டப் பழகாதீர்கள், தப்பான பழக்கம்தான் படியும்.

## 3. யாரைத் தேர்ந்தெடுப்பது

ஆரம்பத்தில் எட்டுப் பேர் இருப்பார்கள். புதியவர்கள் பெரிய முதலை க்ரஞ்சைத்தான் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பார்கள், உச்ச வேகம் அதிகம் என்று. அவன் அந்த வேகத்துக்கு ஏறவே நேரமாகும். ஒரு சுவரில் இடித்தால் மறுபடி முதலிலிருந்து ஏற வேண்டும். முதல் வாரத்தில் சுவரில் இடிக்காத ஆளே கிடையாது.

எலி பிப்சி அல்லது ஆமை டிப்டப், இந்த இருவரில் ஒருவரை எடுங்கள். உச்ச வேகம் குறைவு என்றாலும் சட்டென்று வேகம் பிடிப்பார்கள், வளைவிலும் சொன்ன பேச்சு கேட்பார்கள். உச்ச வேகத்தில் உள்ள குறையை வாழைப்பழமும், பாய்ச்சல் தரும் ஸிப்பர் பட்டைகளும் ஈடுகட்டும். டிட்டி, டிம்பர், காங்கர் மூவரும் நடுத்தரம்.

சேமிப்பு இடத்தோடு பாத்திரம் ஒட்டிக்கொள்வதில்லை. ஒவ்வொரு முறை ஆட்டத்தைத் திறக்கும்போதும் முதலில் ஆளைத் தேர்ந்துவிட்டுத்தான் சேமிப்பைத் திறக்கிறீர்கள். ஆகவே பிப்சியில் தொடங்கியதைப் பாஸ் பந்தயத்தில் வேறு ஆளோடு தொடரலாம். இது தெரியாமல் ஆள் மாற்றுவதற்காகப் புதுச் சேமிப்பை ஆரம்பித்துவிடுகிறார்கள்.

## 4. ஏ பட்டனை விடப் பழகுதல்

இந்தப் பகுதியை அவசரப்பட்டுத் தாண்ட வேண்டாம். மற்றதெல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது.

பாதையில் அம்புக்குறி போட்ட ஒளிரும் பட்டைகள் இருக்கும். அவைதான் ஸிப்பர். அதன் மேல் ஏறினால் வண்டி பாயும். ஏ பட்டனை அழுத்தியபடி ஏறினால் சின்னப் பாய்ச்சல். ஏறுவதற்குச் சற்று முன்னே ஏ-யை விட்டுவிட்டு, பாய்ச்சல் முடியும் வரை விட்ட நிலையிலேயே இருந்தால் பாய்ச்சல் கூடுதல் நேரம் நீடிக்கும். ஒரு ஸிப்பரில் கிடைக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. மூன்று சுற்றில் எல்லா ஸிப்பருக்கும் சேர்ந்தால் முதலிடத்துக்கும் நான்காமிடத்துக்கும் உள்ள தூரம் வந்துவிடும்.

இதைப் பிரித்துப் பிரித்துப் பழகினால்தான் படியும்.

முதலில் ஸிப்பர் வரும் திசைக்கு வண்டியை நேராக்குங்கள். பாய்ச்சலின்போது திருப்ப முயன்றால் கிடைத்த வேகம் வளைவிலேயே வீணாகும்.

பட்டைக்கு ஏறக்குறைய ஒரு வண்டி நீளம் இருக்கும்போது ஏ-யை விடுங்கள். ரொம்ப முன்னாடியே விட்டால் வண்டி தளர்ந்துபோய் ஏறும். பட்டையின் மேல் ஏறியபின் விட்டால் ஏற்கெனவே தாமதம்.

வண்டியின் பின்னால் வரும் நெருப்பைப் பாருங்கள். அது எரியும் வரை கட்டைவிரல் ஏ-யைத் தொடக் கூடாது. அணைந்த கணத்தில் அழுத்துங்கள். இங்கேதான் முக்கால்வாசிப் பேர் தவறுவார்கள்: முன்னாடி சரியாக விட்டுவிட்டு, பாய்ச்சலின் நடுவில் பதற்றத்தில் அழுத்திவிடுவார்கள். கட்டைவிரலைப் பட்டனிலிருந்து முழுக்கத் தூக்கி வைப்பதே நல்லது, மேலே வைத்துக்கொண்டு அழுத்தாமல் இருப்பது கஷ்டம்.

நீல பலூனில் கிடைக்கும் பூஸ்ட்டுக்கும் இதே விதிதான். இசட்டை அழுத்தும் முன் ஏ-யை விடுங்கள்.

புறப்படும்போதும் பட்டனில் ஒரு கணக்கு உண்டு. திரையில் கெட் ரெடி என்று எழுத்து வரும். அந்த எழுத்து மறையும் கணத்தில் ஏ-யை அழுத்தினால் வண்டி பாய்ந்து கிளம்பும். எழுத்து இருக்கும்போதே அழுத்திப் பிடித்தால் பாய்ச்சல் இல்லை. கோ என்று வரும் வரை காத்திருந்தாலும் போச்சு. டிவி தாமதம் உள்ளவர்கள் கண்ணை நம்பாமல், எழுத்து மறைவதற்கு ஒரு இமைப்பொழுது முன்னால் அழுத்திப் பாருங்கள். ஆட்டத்தை இடையில் நிறுத்தி மறுபடி ஆரம்பிக்கும் வசதியை வைத்துக்கொண்டு, புறப்பாட்டை மட்டும் தொடர்ந்து 20 முறை செய்யுங்கள். பத்து நிமிடம்கூட ஆகாது.

## 5. வாழைப்பழம் முதலில், ஆயுதம் அப்புறம்

எடுக்கும் ஒவ்வொரு பழமும் உச்ச வேகத்தைக் கொஞ்சம் கூட்டும். 10 பழத்தோடு அந்த ஏற்றம் நின்றுவிடும். அதற்கு மேல் எடுப்பது வேகத்துக்கு உதவாது, ஆனால் அடி விழும்போது பழம் சிதறும் அல்லவா, அப்போது கையிருப்பாக நிற்கும்.

அதனால் முதல் சுற்றின் வேலை 10 பழம் சேர்ப்பது. நடுப்பாதையில் வரிசையாகக் கிடப்பவற்றை எடுங்கள். ஒற்றைப் பழத்துக்காகப் புல்லில் இறங்காதீர்கள். புல்லில் கார் இழக்கும் வேகம் அந்தப் பழம் கொடுப்பதைவிட அதிகம்.

## 6. பலூன் நிறங்கள்

சிவப்பு ஏவுகணை, நீலம் பூஸ்ட், பச்சை பின்னால் போடும் பொறி, மஞ்சள் கவசம், வானவில் நிறம் காந்தம்.

இதில் கற்க வேண்டியது நிறமல்ல, அடுக்குதல். ஒரே நிறத்தை மறுபடி எடுத்தால் அடுத்த நிலைக்கு ஏறும், மூன்று நிலை வரை. வேறு நிறத்தைத் தொட்டால் கையில் இருந்தது போய்ப் புதியது முதல் நிலையில் வரும். இரண்டாம் நிலை நீலத்தை வைத்துக்கொண்டு வழியில் கிடந்த சிவப்பைத் தெரியாமல் இடிப்பது தினசரிச் சோகம். பலூன்கள் எப்போதும் ஒரே இடத்தில்தான் இருக்கும், எடுத்தாலும் மறுபடி முளைக்கும். ஆகவே ஒரு பாதையில் நீலம் எங்கே என்று மட்டும் மனதில் வைத்துக்கொண்டு, சுற்றுக்கு ஒன்றாக எடுத்து வந்தாலே கடைசிச் சுற்றில் மூன்றாம் நிலை பூஸ்ட் கையில் இருக்கும்.

சிவப்பு முதல் நிலையில் நேராகப் போகும் ஒரே ஏவுகணை, இரண்டாம் நிலையில் துரத்திப் போவது, மூன்றாம் நிலையில் பத்து. பச்சை முறையே எண்ணெய், வெடி, எதிராளியை உள்ளே பிடித்து வைக்கும் குமிழி. காந்தம் முன்னால் போகிறவரை நோக்கி உங்களை இழுக்கும். முதலிடத்தில் இருந்துகொண்டு காந்தத்தை எடுத்து வைப்பதில் பிரயோஜனம் இல்லை.

தனியாகக் கதை ஆடும்போது நீலமும், வாய்த்தால் மஞ்சளும் போதும் என்பதே என் கணக்கு. நான்கு பேர் உட்கார்ந்து ஆடும்போது சிவப்பின் சுகம் வேறு, அது தனிக் கதை.

## 7. மூன்று வண்டிகள்

கார். வளைவில் ஸ்டிக்கோடு ஆர் பட்டனைப் பிடித்தால் வண்டி கூர்மையாகத் திரும்பும். கொண்டையூசி வளைவுக்கு ஆரோடு பி-யையும் ஒரு தட்டுத் தட்டுங்கள். வளைவு முழுக்க ஆரைப் பிடித்தே இருந்தால் உட்சுவரில் போய் ஒட்டுவீர்கள்.

ஹோவர்கிராஃப்ட். இதற்குத் தரையில் பிடி கிடையாது, திருப்பினாலும் பழைய திசையிலேயே வழுக்கும். கார் ஓட்டும் நினைப்பில் வளைவுக்கு வந்தபின் திருப்பினால் எதிர்ச் சுவர்தான். வளைவு கண்ணில் பட்டதும் மூக்கைத் திருப்பத் தொடங்குங்கள், வளைவின் நடுவில் ஸ்டிக்கை நேராக்கி விடுங்கள், மீதியை வழுக்கலே பார்த்துக்கொள்ளும். வேல் பே, பைரேட் லகூன் இரண்டிலும் இது புரியாமல் முன்னேற முடியாது.

விமானம். ஸ்டிக்கைக் கீழே இழுத்தால் மூக்கு மேலே போகும். புதியவர்கள் இதைத் தலைகீழாக நினைத்து முதல் ஐந்து நிமிடம் தரையை உழுவார்கள். ஆரைப் பிடித்துத் திருப்பினால் சாய்ந்து கூர்மையாகத் திரும்பும். ஆரை இரண்டு முறை சட்டென்று தட்டினால் குட்டிக்கரணம் போடும். அழகாக இருக்கும், பந்தயத்தில் வேண்டியதில்லை, தெரியாமல் தட்டினால் பாதை தவறிவிடும். முதல் உலகத்து ஹாட் டாப் வோல்கேனோவிலேயே விமானம் வந்துவிடும். உயரத்தை நிமிடத்துக்கு நாலு முறை மாற்றாமல் ஒரே மட்டத்தில் பறக்கப் பழகுங்கள். பழமும் ஸிப்பரும் இருக்கும் மட்டமே சரியான மட்டம்.

## 8. உலகங்களை எந்த வரிசையில் திறப்பது

நடுத்தீவிலிருந்து நான்கு உலகங்களுக்கு வாசல். டைனோ டொமெய்னுக்கு 1 பலூன், ஸ்னோஃப்ளேக் மவுண்டனுக்கு 2, ஷெர்பெட் ஐலண்டுக்கு 10, டிராகன் ஃபாரஸ்ட்டுக்கு 16. உள்ளே இருக்கும் பந்தயக் கதவுகளிலும் எண் எழுதியிருக்கும். இவை வழியில் எடுத்த ஆயுத பலூன்கள் அல்ல, வென்றதற்குக் கிடைக்கும் தங்க பலூன்கள்.

இரண்டாவது உலகம் 2 பலூனுக்கே திறந்துவிடுவதைக் கவனியுங்கள். டைனோ டொமெய்னில் ஒரு பாதையில் மாட்டிக்கொண்டால் அங்கேயே முட்டி மோத வேண்டியதில்லை. பனிமலைக்குப் போய் இரண்டு பந்தயம் வென்றுவிட்டு வாருங்கள். முதலில் இரண்டு உலகத்தின் சாதாரணப் பந்தயங்கள், பிறகு அவற்றின் பாஸ்கள், அதன் பிறகு (பத்தாம் பகுதியில் வரும்) வெள்ளிக் காசு, இந்த வரிசை கைக்கு வேகமாகப் பழக்கம் தரும்.

நடுத்தீவிலேயே சில பலூன்கள் கிடக்கும். யானை பூதம் தாஜும் மூன்று வண்டிக்கும் ஒவ்வொரு பந்தயம் வைத்து பலூன் தருவார். வண்டி மாற்றித் தருவதும் அவரே. கதவுக்கு ஒரு பலூன் குறைகிறது என்றால் முதலில் தீவைச் சுற்றுங்கள்.

## 9. பாஸ் பந்தயம்

ஒரு உலகத்தின் நான்கு பந்தயங்களையும் வென்றால் பாஸ் கதவு திறக்கும். டைனோ டொமெய்னில் ட்ரிக்கி, பனிமலையில் ப்ளூயி, ஷெர்பெட்டில் பப்ளர், டிராகன் ஃபாரஸ்ட்டில் ஸ்மோக்கி. பப்ளருக்கு ஹோவர்கிராஃப்ட், ஸ்மோக்கிக்கு விமானம்.

இங்கே எட்டுப் பேர் இல்லை, நீங்களும் பாஸும் மட்டும். ஆளை இடித்துத் தள்ளலாம் என்று நினைத்தால் நீங்கள்தான் நசுங்குவீர்கள். பக்கவாட்டில் போதிய இடைவெளி விட்டு முந்துங்கள். முந்துவதற்கு நல்ல இடம் ஸிப்பர் வரும் நேர்ப்பாதை. புறப்பாட்டுப் பாய்ச்சல் தவறிவிட்டால் பந்தயத்தை இழுத்துக்கொண்டு போகாதீர்கள், உடனே மறுபடி ஆரம்பியுங்கள். பாஸைப் பின்தொடர்ந்து ஓடி முந்துவதைவிட முதல் வளைவிலேயே முன்னால் இருப்பது எத்தனையோ மடங்கு சுலபம்.

ஒரே பாஸை இரண்டு முறை வெல்ல வேண்டும். இரண்டாவது முறை, வெள்ளிக் காசுகளுக்குப் பிறகு, அதே பாதையில் அதே பாஸ் இன்னும் வேகமாக வரும்.

## 10. எட்டு வெள்ளிக் காசு

விளையாட்டை விட்டுவிட்டுப் போகிறவர்கள் பெரும்பாலும் போவது இங்கேதான். முதல் முறை பாஸை வென்றபின் அதே நான்கு பாதைகளிலும் 8 காசுகள் தோன்றும். எட்டையும் எடுக்க வேண்டும், முதலாவதாகவும் வர வேண்டும். எட்டு எடுத்து இரண்டாவதாக வந்தாலும் சரி, ஏழு எடுத்து முதலாவதாக வந்தாலும் சரி, பலூன் இல்லை.

தவறு எங்கே நடக்கிறது என்றால், எல்லாக் காசையும் முதல் சுற்றிலேயே பொறுக்கப் பார்ப்பதில். எடுத்த காசு மூன்று சுற்றுக்கும் கணக்கில் இருக்கும், இடையில் அடி விழுந்தாலும் போகாது. அப்படியிருக்க அவசரம் எதற்கு?

வேலையை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஒரு பந்தயத்தை வெற்றியைப் பற்றி நினைக்காமல் வேவு பார்க்க மட்டும் ஓட்டுங்கள். காசுகள் இடம் மாறாது. எது பாதையின் நடுவில், எது ஓரத்தில், எது குறுக்குவழியில் என்று மூன்று வகையாக மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

உண்மையான பந்தயத்தின் முதல் சுற்றில் நடுவில் கிடப்பவையும், கூடவே 10 பழமும். இரண்டாம் சுற்றில் ஓரத்துக் காசுகள், குறிப்பாக ஒரே திசையில் போய் இரண்டு எடுக்கக் கூடியவை. பாதை பிரியும் இடத்தில் இரண்டு பக்கமும் காசு இருந்தால் முதல் சுற்றில் இடம், இரண்டாம் சுற்றில் வலம். ஒரே சுற்றில் திரும்பி வந்து எடுக்கப் பார்க்காதீர்கள், பின்னோக்கிப் போவதில் போகும் நேரம் மீளாது.

மூன்றாம் சுற்றுக்கு ஒன்றோ இரண்டோ மட்டும் மீதி வையுங்கள், அவையும் முடிவுக்கோட்டுக்கு ரொம்பப் பக்கத்தில் இருப்பவையாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசி வளைவில் காசைத் தவறவிட்டால் வென்றும் பயனில்லை.

நீல பலூனைச் சுற்றுக்கு ஒன்றாகச் சேர்த்து, கடைசிக் காசை எடுத்தபின் அடியுங்கள். காசுக்காக விலகியதில் இழந்த இடத்தை அது மீட்டுத் தரும். காசு எடுக்கும் முன் அடித்தால் பாய்ச்சலில் காசைத் தாண்டிப் போய்விடுவீர்கள்.

## 11. சாவிகளும் டி.டி. தாயத்தும்

ஒவ்வொரு உலகத்திலும் ஒரு பாதையில் ஒரு சாவி ஒளிந்திருக்கும்: ஏன்ஷியன்ட் லேக், ஸ்னோபால் வேலி, கிரசண்ட் ஐலண்ட், போல்டர் கேன்யன். போல்டர் கேன்யனில் மணியை இடித்தால் இழுபாலம் உயரும், அதன் வழியாக மேலே ஏற வேண்டும். சாவி எடுக்கும் ஓட்டத்தில் முதலிடத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

சாவி நான்கு பேர் மோதும் அரங்கத்தைத் திறக்கும். வென்றால் டி.டி. தாயத்தின் ஒரு துண்டு. ஃபயர் மவுண்டனில் மூன்று முட்டைகளை உங்கள் கூட்டில் பொரிக்க வைக்க வேண்டும். முட்டையைப் போட்டுவிட்டு உடனே அடுத்ததற்குப் பறந்தால் பொரிவதற்குள் யாராவது தூக்கிப் போவார்கள், அதனால் கூட்டுக்குப் பக்கத்திலேயே வட்டமடியுங்கள். ஸ்மோக்கி காசிலில் வாழைப்பழங்களைப் பெட்டியில் சேர்க்க வேண்டும், ஒரு நடைக்கு இரண்டு மட்டுமே சுமக்கலாம். ஐசிக்கிள் பிரமிடும் டார்க்வாட்டர் பீச்சும் கடைசிவரை தாக்குப்பிடிக்கும் சண்டை. மற்ற மூவரும் அடித்துக்கொள்ளும் வரை ஒதுங்கி நிற்பதில் வெட்கமில்லை.

இந்தத் தாயத்து, பன்றி மந்திரவாதி விஸ்பிக்கோடு நடக்கும் கடைசிப் பந்தயத்துக்குத்தான் தேவை. அவசரமில்லை, ஆனால் மறந்துவிட்டால் முடிவில் திரும்பி வர வேண்டியிருக்கும்.

## 12. கோப்பைகளும் சேவலும்

பாஸை இரண்டாம் முறை வென்றால் விஸ்பிக் தாயத்தின் ஒரு துண்டும், அந்த உலகத்தின் கோப்பைப் பந்தயமும் கிடைக்கும். நான்கு பாதைகள் தொடர்ச்சியாக, மொத்தப் புள்ளிதான் கணக்கு. ஒன்றில் இரண்டாவதாக வந்ததற்காக ஆட்டத்தை அணைக்காதீர்கள்.

நான்கு கோப்பைகளும் சேர்ந்தபின் நடுத்தீவின் தவளைகளைக் கவனித்துப் பாருங்கள். ஒன்றின் தலையில் மட்டும் சிவப்புக் கொண்டை இருக்கும். அதன் மேல் வண்டியை ஏற்றினால் சேவல் டிரம்ஸ்டிக் விடுபட்டு, தேர்வுப் பட்டியலில் சேர்ந்துவிடுவான்.

## 13. விஸ்பிக், முதல் முறை

விஸ்பிக் தாயத்தின் நான்கு துண்டும் சேர்ந்தால் பன்றி மந்திரவாதியின் பந்தயம் திறக்கும். கார்தான் வண்டி. பாதை முழுக்க ஸிப்பர்கள். அவன் ஓடும் வேகம் உங்கள் காரின் சாதாரண வேகத்தைவிட அதிகம், ஆகவே ஏ-யை அழுத்தியபடியே ஓட்டினால் எத்தனை முறை ஆடினாலும் தோல்விதான். ஸிப்பர்கள் தொடர்ந்து வரும் இடத்தில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஏ-யைத் தொடவே வேண்டாம். ஒரு நெருப்பு அணையும் முன் அடுத்த பட்டை வந்துவிட்டால் கட்டைவிரலுக்கு வேலையே இல்லை, ஸ்டிக் மட்டும்தான். நேராகப் போய் ஒவ்வொரு பட்டையின் நடுவிலும் ஏறுவது மட்டுமே குறி.

ஒரு பட்டை தவறினால் பிடிக்கலாம். இரண்டு தவறினால் மறுபடி ஆரம்பிப்பது உத்தமம். இங்கே உச்ச வேகத்தைவிட வளைவில் பிடிதான் பெரிது என்பதால் பிப்சியையோ டிப்டப்பையோ மாற்ற வேண்டியதில்லை.

அவனை வென்று, நான்கு கோப்பையும் கையில் இருந்தால் கலங்கரை விளக்கம் ராக்கெட்டாகக் கிளம்பி ஃப்யூச்சர் ஃபன் லேண்டுக்கு வழி திறக்கும்.

## 14. அதற்கு அப்புறம்

விண்வெளியின் நான்கு பாதைகளும் அதே முறைதான், பந்தயம், வெள்ளிக் காசு. இரண்டாவது விஸ்பிக்கை விமானத்தில் சந்திக்க 47 பலூனும், முழு டி.டி. தாயத்தும் வேண்டும். கதவு திறக்காமல் நிற்பவர்கள் பெரும்பாலும் விட்டிருப்பது தாஜின் பந்தயங்களில் ஒன்றை, அல்லது நடுத்தீவில் கிடக்கும் ஒரு பலூனை.

டி.டி.-யையே ஓட்ட ஆசைப்பட்டால் டைம் ட்ரயலில் 20 பாதையிலும் அவன் ஆவியை முந்த வேண்டும். முதலில் அந்தப் பாதைக்குரிய வண்டியில் ஒரு நல்ல நேரம் எடுத்தால்தான் ஆவியே வரும். வேறு வண்டியில் எத்தனை சாதனை படைத்தாலும் வராது. காரில் ஏ-யைப் பிடிப்பதற்குப் பதில் தாளமாகத் தட்டிக்கொண்டே ஓட்டுவது இங்கேதான் உதவும். கை வலிக்கும், ஆனால் வேகம் கூடும்.

அட்வெஞ்சர் டூ என்பது இடம் வலமாகத் திருப்பிய அதே பாதைகள், காசுகள் இன்னும் கஷ்டமான இடங்களில். மனப்பாடமாக ஓட்டியவர்கள் முதல் நாள் எல்லா வளைவிலும் தப்பான பக்கம் திருப்புவார்கள்.

துணைக்கு ஆள் இருந்தால் ஆப்ஷன்ஸில் மேஜிக் கோட்ஸுக்குப் போய் ஜாயின்ட்வென்ச்சர் என்று இடைவெளி விடாமல் ஆங்கில எழுத்தில் அடியுங்கள். கதையை இரண்டு பேர் சேர்ந்து ஆடலாம்.

நிறுத்தும்போது பவரை அணைத்துவிட்டுத்தான் கார்ட்ரிட்ஜை எடுக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது உருவினால் சேமிப்பு கெட்டுப்போகலாம், 47 பலூனும் அதோடு போய்விடும்.